ஒரே பேப்பர், மூன்று தளம், மூன்று எண்ணிக்கை: மாநாட்டுக் கட்டுரைகளை இவர்கள் எப்படித்தான் எண்ணுகிறார்கள்?

கடைசி_அத்தியாயம் கேட்டது:

முனைவர் பட்ட ஆய்வின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன். துறை கணினி அறிவியல், உள்ளே போனால் நிரல் சரிபார்ப்பு. வேலைக்கு விண்ணப்பிக்க ஒரு படிவம் நிரப்ப உட்கார்ந்தேன், வெளியீடுகள் பகுதியில் மாட்டிக்கொண்டேன். ஒவ்வொரு கட்டுரைக்கும் நான்கு கட்டம்: ஆய்விதழின் பெயர், இம்பேக்ட் ஃபேக்டர், இதழ்களைத் தரவாரியாக நான்காகப் பிரித்து க்யூ1, க்யூ2 என்று சொல்வார்களே அது, அப்புறம் மேற்கோள் எண்ணிக்கை. நான் செய்ததிலேயே உருப்படியான வேலை என்று நினைப்பது மாநாட்டில் வந்த ஒரு கட்டுரை. அதற்குக் கட்டமே இல்லை. கடைசியில் 'பிற' என்று ஒரு சின்னப் பெட்டி, உரைகளும் செய்தித்தாளில் எழுதியதும் போடச் சொல்லும் அதே பெட்டிக்குள் அதையும் திணிக்க வேண்டுமாம்.

சரி, மேற்கோள் எண்ணிக்கையாவது எழுதலாம் என்று மேற்கோள்களை எண்ணும் மூன்று தளங்களில் தேடினால் அங்கே வேறு கூத்து. அந்த மாநாட்டுக் கட்டுரைக்கு கூகுள் ஸ்காலரில் 64, ஸ்கோப்பஸில் 23, வெப் ஆஃப் சயின்ஸில் 9. அதே வேலையை இரண்டு நிரூபணம் சேர்த்து, தலைப்பைக் கொஞ்சம் மாற்றி, இரண்டு வருடம் கழித்து ஜர்னலில் போட்டோம், அதற்கு முறையே 11, 8, 7. ஜர்னல் கட்டுரையை எங்கே பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே எண், மாநாட்டுக் கட்டுரைக்கு மட்டும் 9க்கும் 64க்கும் நடுவில் இவ்வளவு பள்ளம்.

என் வழிகாட்டி "ஜர்னல்தான் கணக்கு" என்கிறார். கூட வேலை செய்பவர்கள் "அந்த மாநாட்டில் வந்ததுதான் உன் முகவரி" என்கிறார்கள். எதை நம்புவது? மாநாட்டுக்கு இம்பேக்ட் ஃபேக்டர் என்று ஒன்று உண்டா, இல்லையா? மூன்றில் எந்த எண்ணை எழுதினால் யாரும் பொய் என்று சொல்ல மாட்டார்கள்?

---

அட்டை_எழுத்தர் பதில்:

நூலகத்தில் இந்தத் தரவுத்தளங்களோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டியவன் என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரடிப் பதில். மாநாட்டுக்கு இம்பேக்ட் ஃபேக்டர் கிடையாது. யாராவது ஒரு மாநாட்டின் விளம்பரத்தில் "எங்கள் இம்பேக்ட் ஃபேக்டர் இவ்வளவு" என்று போட்டிருந்தால் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுங்கள்.

ஏன் கிடையாது என்றால், இந்த ஏற்பாடே ஜர்னலுக்காகச் செய்தது. யூஜின் கார்ஃபீல்டு 1955இல் யோசனையை எழுதினார், 1964இல் சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் வந்தது, இன்றைய வெப் ஆஃப் சயின்ஸின் மூதாதை அதுதான். உலகத்தில் வரும் எல்லா இதழையும் எண்ண முடியாது, அதனால் எவற்றைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்க ஒரு அளவுகோல் வேண்டியிருந்தது, இம்பேக்ட் ஃபேக்டர் பிறந்ததே அதற்குத்தான். கணக்கு எளிது: 2023இன் எண் வேண்டும் என்றால், ஒரு இதழில் 2021லும் 2022லும் வந்த கட்டுரைகளுக்கு 2023இல் கிடைத்த மேற்கோள்களைக் கூட்டி, அந்த இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்துவிடுவது. இந்தக் கணக்கு ஓட வேண்டும் என்றால், ஆண்டுதோறும் அதே பெயரில், தொடர் வெளியீடுகளுக்குக் கொடுக்கும் அதே ஐஎஸ்எஸ்என் எண்ணில், இடைவிடாமல் வந்துகொண்டிருக்கும் ஒரு பொருள் இருக்க வேண்டும். ஜர்னல் அப்படிப்பட்டது. மாநாடு அப்படி இல்லையே. ஒவ்வொரு ஆண்டும் வேறு ஊர், வேறு தொகுப்பாசிரியர்கள், தொகுதியின் தலைப்பில் 'இருபத்தேழாவது', 'இருபத்தெட்டாவது' என்று மாறிக்கொண்டே போகும், பல தொகுதிகள் புத்தகத்துக்கான ஐஎஸ்பிஎன் எண்ணோடு தனித்தனிப் புத்தகமாகத்தான் வரும். தரவுத்தளத்தின் கண்ணுக்கு அவை ஒரே மரத்தின் கிளைகள் அல்ல, சம்பந்தமில்லாத இருபத்தெட்டுப் புத்தகங்கள்.

உங்கள் கட்டுரை நிரல் சரிபார்ப்பு என்கிறீர்கள், எல்என்சிஎஸ், அதாவது லெக்சர் நோட்ஸ் இன் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற புத்தக வரிசையில் வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். அந்த வரிசையின் கதையே தனி. ஸ்ப்ரிங்கர் பதிப்பகம் 1973 முதல் நடத்துகிறது. வரிசை என்பதால் ஐஎஸ்எஸ்என் உண்டு, அதனால் ஒரு காலத்தில் அதை ஜர்னலாகவே பாவித்து இம்பேக்ட் ஃபேக்டரும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு 2000களின் நடுவில் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். முந்தின ஆண்டு வரை 'ஜர்னல் கட்டுரை' என்று கணக்கில் இருந்தது அடுத்த ஆண்டு 'மாநாட்டுக் கட்டுரை' ஆகிவிட்டது, இத்தனைக்கும் அச்சும் அட்டையும் பேப்பரும் அதேதான். மாநாட்டுக்கென்றே வெப் ஆஃப் சயின்ஸுக்குள் 2008இல் ஒரு தனி இண்டெக்ஸ் வந்தது, 1990 முதலான தொகுதிகள் அதில் உண்டு. ஆனால் அது தனிச் சந்தா. உங்கள் நிறுவனம் அந்தச் சந்தாவைக் கட்டவில்லை என்றால், உங்கள் மாநாட்டுக் கட்டுரை தேடலிலேயே தலைகாட்டாது. ஒரே வெப் ஆஃப் சயின்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு, வேறு வேறு நிறுவனத்தில் இருக்கும் இரண்டு பேர் வேறு வேறு பட்டியலைப் பார்த்துவிட்டு, "உன் பேப்பர் இல்லவே இல்லை" என்று சண்டை போட்டதை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஸ்கோப்பஸ் 2004இல் வந்தது. கொஞ்சம் தாராளம். தொடராக வரும் மாநாட்டு வெளியீடு, புத்தக வரிசை இவற்றுக்கும் இம்பேக்ட் ஃபேக்டர் மாதிரியே சைட்ஸ்கோர் என்று ஒரு சராசரி கொடுக்கிறார்கள், இப்போதைய கணக்கு நான்கு ஆண்டுச் சாளரம். ஒரே ஒரு தடவை வந்த தனித் தொகுதிக்கு அதுவும் கிடையாது. எல்என்சிஎஸ்ஸுக்கு உண்டு, ஆனால் முழு வரிசைக்கும் சேர்த்து ஒரே எண். க்ரிப்டோ, யூரோக்ரிப்ட், சிஏவி, ஈசிசிவி மாதிரி இடம் கிடைப்பதே பெரும்பாடான மாநாடுகளும் அதே வரிசைதான், பேர் தெரியாத சின்னப் பட்டறைகளும் அதே வரிசைதான். எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கொட்டிச் சராசரி எடுத்தால் வரும் எண்ணுக்கு என்ன அர்த்தம்? உங்கள் படிவத்தில் அந்த எண்ணைப் போட்டால் உங்களுக்கு நீங்களே குழி தோண்டிக்கொள்கிறீர்கள்.

---

கறுப்புத்திரை பதில்:

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? கூகுள் ஸ்காலர் எண்ணைப் போடுங்கள், 64. நம் துறையில் ஆட்கள் எங்கே எழுதுகிறார்கள்? அச்சாகும் முன்பே கட்டுரையைப் போட்டுவைக்கும் ஆர்க்கைவ், மாநாட்டு மறு ஆய்வு நடக்கும் ஓப்பன்ரெவ்யூ, மாநாட்டின் சொந்த வலைத்தளம். ஐசிஎல்ஆர் என்ற இயந்திரக் கற்றல் மாநாட்டின் கட்டுரைகள் ஓப்பன்ரெவ்யூவில்தான் கிடக்கின்றன, டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் கூடக் கிடையாது. டிஓஐயை வைத்துப் பிழைக்கும் தரவுத்தளத்துக்கு அது எப்படித் தெரியும்? நியூரல் நெட்வொர்க்குகளைப் பயிற்றுவிக்கும் ஆடம் என்ற ஆப்டிமைசரை எழுதியவர்கள் 2015 ஐசிஎல்ஆரில்தான் போட்டார்கள், ஆனால் நீங்கள் எந்தப் பேப்பரின் பின்பக்கத்தைப் புரட்டினாலும் பாதிப் பேர் ஆர்க்கைவ் எண் 1412.6980 என்றுதான் எழுதியிருப்பார்கள். இன்றைய மொழி மாதிரிகளுக்கு அடித்தளமான 2017இன் டிரான்ஸ்ஃபார்மர் பேப்பரும் அப்படித்தான்: ஜூனில் ஆர்க்கைவில் வந்தது, டிசம்பரில் மாநாடு, மாநாடு தொடங்கும் முன்பே அதை மேற்கோள் காட்டி ஆட்கள் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அந்த மாநாட்டின் பெயரே அடுத்த ஆண்டு நிப்ஸிலிருந்து நியூரிப்ஸ் என்று மாறிவிட்டது. ஒரு பேப்பருக்கு இத்தனை முகம் இருந்தால் எல்லா முகத்தையும் ஒரே ஆளாக அடையாளம் காண்பது ஸ்காலர் மட்டும்தான். மற்றவை எல்லாம் ஜர்னல்காரர்களின் பொம்மை.

---

மூன்றாம்_ரெவ்யூவர் பதில்:

ஸ்காலர் எல்லா முகத்தையும் அடையாளம் காணும், சரி. இல்லாத முகத்தையும் அடையாளம் காணுமே, அதைச் சொல்ல மாட்டீர்களா?

சிறில் லபே என்ற பிரெஞ்சுக் கணினி அறிவியலாளர் 2010இல் ஐக் அன்ட்கேர் என்று இல்லாத ஒரு விஞ்ஞானியை உருவாக்கினார். பெயரைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிப் பாருங்கள், "எனக்கென்ன கவலை" என்கிற மாதிரி ஆங்கிலத்தில் காதில் விழும். நூறு சொச்சம் பொய்க் கட்டுரைகள், ஒன்றை ஒன்று மேற்கோள் காட்டும்படி இணையத்தில் போட்டார். ஸ்காலர் எண்ணியது. அந்த ஆளுக்கு ஹெச்-இண்டெக்ஸ் 94 வந்தது, அதாவது தலா 94 மேற்கோளாவது உள்ள கட்டுரைகள் 94. 94! உண்மையான மனிதர்களில் பெரும்பாலோர் ஆயுள் முழுக்க உழைத்தாலும் எட்டாத எண்.

ஆனால் காசு கொடுத்து வாங்கும் தரவுத்தளம்தான் புனிதம் என்றும் நினைத்துவிட வேண்டாம், அங்கேயும் ஓட்டை உண்டு. எம்ஐடி மாணவர்கள் மூவர் 2005இல் சைஜென் என்று ஒரு நிரல் எழுதினார்கள், பொத்தானை அழுத்தினால் அர்த்தமே இல்லாத கணினி அறிவியல் கட்டுரை வரும், விளையாட்டுக்குச் செய்தது. அதே லபே 2014இல் தேடிப் பார்த்தபோது அந்த மாதிரிக் கட்டுரைகள் நூற்றிருபதுக்கும் மேல் மாநாட்டுத் தொகுதிகளில் ஜாம் ஜாம் என்று உட்கார்ந்திருந்தன. ஸ்ப்ரிங்கர் வெளியிட்டது 16, ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு வெளியிட்டது நூற்றுக்கும் மேல், எல்லாவற்றையும் பிறகு நீக்கினார்கள். அதனால்தான் 'இண்டெக்ஸ் ஆன மாநாடு' என்று யாராவது சொன்னால் நான் அசைவதில்லை. இண்டெக்ஸ் ஆவது என்றால் தொகுதி உள்ளே போயிற்று என்று அர்த்தம், யாரோ படித்தார்கள் என்று அர்த்தம் இல்லை.

கேள்வி கேட்டவருக்கு ஒரு வேலை சொல்கிறேன். 64க்கும் 23க்கும் நடுவில் 41 இருக்கிறது. ஒரு மாலை உட்கார்ந்து அந்த 41ஐயும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். எங்கள் யாருடைய கருத்தைவிடவும் அது உங்களுக்கு அதிகம் சொல்லும். எண்ணிக்கை சின்னதாக இருக்கும் வரைதான் இதைக் கையால் செய்ய முடியும், இப்போதே செய்துவிடுங்கள்.

---

கடைசி_அத்தியாயம் பதில்:

செய்தேன். ஒரு மாலை என்று சொன்னீர்கள், இரண்டு மாலையும் ஒரு காலையும் போயிற்று.

41இல் 17 ஆர்க்கைவில் மட்டும் இருப்பவை, வேறு எங்கும் வந்ததாகத் தெரியவில்லை. 8 ஆய்வேடுகள், முனைவர் பட்டத்துக்கும் முதுகலைக்கும் எழுதியவை. 3 என்ன என்றே வகைப்படுத்த முடியவில்லை, ஒன்று யாரோ வகுப்பில் காட்டிய ஸ்லைடு, இன்னொன்று ஒரு கருவியின் கையேடு. 2 இரட்டை எண்ணிக்கை, ஒரே பேப்பர் ஆர்க்கைவில் ஒரு தலைப்பிலும் மாநாட்டில் வேறு தலைப்பிலும் வந்திருக்கிறது, ஸ்காலர் இரண்டு ஆளாக எண்ணிவிட்டது. 6 ஸ்கோப்பஸ் எடுத்துக்கொள்ளாத பட்டறைக் கட்டுரைகள்.

மீதி 5தான் எனக்கு அதிர்ச்சி. அந்த ஐந்து பேப்பரும் ஸ்கோப்பஸில் இருக்கின்றன. உள்ளே போய்ப் பார்த்தால் அடிக்குறிப்பில் என் பேப்பரின் பெயரும் இருக்கிறது. ஆனால் என் கணக்கில் ஏறவில்லை. இரண்டில், என் மாநாட்டுக் கட்டுரையின் தலைப்பை எழுதி, ஆண்டும் பக்க எண்ணும் ஜர்னல் பதிப்புடையதைப் போட்டிருக்கிறார்கள், ஸ்கோப்பஸ் அதை ஜர்னல் பதிப்புக்கு வரவு வைத்துவிட்டது. இரண்டில் தொகுதியின் பெயரைச் சுருக்கிய சுருக்கலில் எதுவோ பொருந்தவில்லை, எங்கேயும் இணைக்கப்படாமல் அந்தரத்தில் நிற்கிறது. ஒன்றில் என் தலைப்பையே தப்பாக எழுதியிருக்கிறார்கள், பாதித் தலைப்பு என்னுடையது, மீதிப் பாதி வேறு யாருடையதோ.

ஜர்னல் பதிப்புக்கு ஏன் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே எண் என்பதும் இப்போது புரிகிறது. அதை மேற்கோள் காட்டியவர்களில் பெரும்பாலோர் ஜர்னலிலேயே எழுதுபவர்கள், எல்லாத் தளமும் அவர்களை எண்ணுகிறது. மாநாட்டுப் பதிப்பை மேற்கோள் காட்டியவர்கள் மாநாட்டிலும் ஆர்க்கைவிலும் எழுதுபவர்கள். ஆக இரண்டு பதிப்பையும் படிப்பவர்களே வேறு ஆட்களா? எழுதிய எனக்கே இது தோன்றவில்லை.

இன்னொன்று, கணினி அறிவியல் வெளியீடுகளைப் பட்டியலிடும் டிபிஎல்பி தளத்தில் என் பக்கத்தைத் திறந்தேன், ஓரத்தில் நீலச் சதுரமாகவே இறங்கிக்கொண்டு போகிறது, நடுவில் ஒரே ஒரு சிவப்பு. நீலம் மாநாடு, சிவப்பு ஜர்னல். என் வழிகாட்டிக்கு என் மேல் ஏன் கோபம் என்று அந்த நிறத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

---

அட்டை_எழுத்தர் பதில்:

பிரமாதம். இப்படி உட்கார்ந்து பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

அந்த ஐந்தைத் திருத்த முடியும். ஸ்கோப்பஸுக்கு உதவிப் பக்கம் வழியாக, மேற்கோள் காட்டிய கட்டுரை எது, எந்த எண் அடிக்குறிப்பு, எதோடு இணைய வேண்டும் என்று மூன்றையும் தெளிவாக எழுதி அனுப்புங்கள். வெப் ஆஃப் சயின்ஸிலும் திருத்தம் கேட்க ஒரு படிவம் உண்டு. அதோடு, அங்கே 'சைட்டட் ரெஃபரன்ஸ் சர்ச்' என்று ஒரு தேடல் இருக்கிறது, அதில் உங்கள் பெயரையும் ஆண்டையும் போட்டுப் பாருங்கள். இணைக்கப்படாமல் தொங்கும் உருவங்கள் எல்லாம் வரிசையாக வரும், ஒரே மாநாட்டின் பெயரை ஆட்கள் எத்தனை விதமாகச் சுருக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தால் சிரிப்பீர்கள். ஜர்னல் பெயருக்குச் சுருக்கம் ஏறக்குறைய நிலைத்துவிட்டது, மாநாட்டுக்கு அப்படி ஒன்று இல்லை, அவரவர் கைக்கு வந்தபடி.

டிபிஎல்பியைச் சொன்னீர்கள். 1993இல் மைக்கேல் லே ட்ரியர் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, இன்று ஜெர்மனியின் டாக்ஸ்டூல் கணினி அறிவியல் மையம் நடத்துகிறது. மேற்கோளை வைத்துத் தரவரிசை போடுவதில்லை, யார் எங்கே என்ன எழுதினார்கள் என்று மட்டும் ஒழுங்காக எழுதிவைக்கிறார்கள், அதனாலேயே எனக்கு அதன் மேல் மதிப்பு. மாநாட்டை மாநாடாகவே, வருடா வருடம் ஒரே குடும்பமாக அடுக்கி வைப்பது அங்கேதான்.

---

பிக்சல்_பித்தன் பதில்:

தாமதமாக வருகிறேன். இரண்டு விஷயம்.

ஒன்று, எங்கள் பக்கம், அதாவது கிராஃபிக்ஸில், இந்தப் பிரச்சினைக்கு ஒரு தந்திரம் ரொம்ப நாளாக உண்டு. சிக்ராஃப் மாநாட்டின் கட்டுரைகள் 2000களின் ஆரம்பத்திலிருந்து ஏசிஎம் என்ற கணினித் துறைச் சங்கத்தின் ட்ரான்ஸாக்ஷன்ஸ் ஆன் கிராஃபிக்ஸ் என்ற ஜர்னலின் இதழாகவே வருகின்றன. அதே மாநாடு, அதே தேர்வுக்குழு, மேடையில் அதே பேச்சு, ஆனால் படிவத்தில் நான் 'ஜர்னல்' கட்டத்தை நிரப்புவேன், இம்பேக்ட் ஃபேக்டரும் எழுதுவேன், நீங்கள் 'பிற' பெட்டிக்குப் போவீர்கள். தரவுத்தளங்களை ஆராய்பவர்கள் 2008இல் தங்கள் விஎல்டிபி மாநாட்டுக் கட்டுரைகளைத் தொகுதி எண், இதழ் எண் எல்லாம் போட்டு ஜர்னல் வடிவத்துக்கு மாற்றினார்கள். நிரல்மொழிக்காரர்கள் 2017இல் பிஏசிஎம்பிஎல் என்று ஒரு ஜர்னல் தொடங்கி ஐசிஎஃப்பி, ஊப்ஸ்லா, பிறகு பாப்பில், கடைசியாக பிஎல்டிஐ என்று தங்கள் மாநாடுகளை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்தார்கள். வேடிக்கை என்னவென்றால் 2022இல் சிக்ராஃப் மறுபடியும் 'மாநாட்டுக் கட்டுரை' என்று ஒரு தனிப் பிரிவைத் திறந்தது. எந்தக் கதவு வழியாக உள்ளே வந்தாய் என்பதை வைத்து ஒரே அரங்கில் பக்கத்துப் பக்கத்தில் பேசும் இரண்டு பேருக்கு வேறு வேறு கட்டம்.

இரண்டு, ஸ்காலரின் ஹெச்5. யாரும் சொல்லாததால் சொல்கிறேன். கடந்த ஐந்து முழு ஆண்டுகளில் ஒரு மாநாட்டில் வந்த கட்டுரைகளில், ஹெச் எண்ணிக்கையிலான கட்டுரைகளுக்குத் தலா ஹெச் மேற்கோளாவது இருந்தால் அந்த மிகப் பெரிய ஹெச் தான் ஹெச்5. மாநாட்டையும் ஜர்னலையும் ஒரே பட்டியலில் கலந்து போடுவது அதன் நல்ல குணம், கணினித் துறையை அது மதிக்கிறது. ஆனால் அது அளவைப் பார்த்து ஏறும். கணினிப் பார்வைக்கான சிவிபிஆர் மாநாடு ஒரே ஆண்டில் இரண்டாயிரத்துக்கும் மேல் கட்டுரை போடுகிறது, கோட்பாட்டுக்காரர்களின் ஸ்டாக் மாநாட்டில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஸ்டாக்கில் இருப்பது அத்தனையும் முத்தாக இருந்தாலும் ஹெச்5 சிவிபிஆர் பக்கத்தில் நிற்க வாய்ப்பே இல்லை. கோட்பாட்டில் எழுதுபவர்களும் குறைவு, ஒரு பேப்பர் பத்து வருடம் கழித்துப் பிடிபடுவதும் உண்டு. அதை ஐந்தாண்டுச் சாளரம் பார்க்கவே பார்க்காது.

இன்னும் ஒரு கூத்து, கணினிப் பார்வையின் வேறு இரண்டு மாநாடுகள்: ஐசிசிவி ஒற்றைப்படை ஆண்டுகளில், ஈசிசிவி இரட்டைப்படை ஆண்டுகளில். 2019 முதல் 2023 வரை எடுத்தால் ஐசிசிவி மூன்று தடவை, ஈசிசிவி இரண்டே தடவை. சாளரத்தை ஒரு வருடம் தள்ளி 2020 முதல் 2024 வரை எடுங்கள், ஈசிசிவி மூன்று, ஐசிசிவி இரண்டு. மாநாட்டின் தரம் ஒரு மயிரிழையும் மாறாமலேயே எண் ஏறி இறங்கும். "இந்த வருடம் ஐசிசிவி சரிந்துவிட்டது" என்று ஒருவர் கவலையோடு பேசிக்கொண்டிருந்தார், நாட்காட்டியைக் காட்ட வேண்டியதாயிற்று.

---

கறுப்புத்திரை பதில்:

ஐக் அன்ட்கேர் எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன், 64இல் ஸ்லைடும் கையேடும் இருந்தால் நான் சொன்னது முழுக்கச் சரி இல்லைதான். ஆனாலும் அந்த 17 ஆர்க்கைவ் கட்டுரையும் 8 ஆய்வேடும் உண்மையான ஆட்கள் உண்மையாகப் படித்து எழுதியவை. அவற்றைத் தள்ளுவதற்கு ஸ்கோப்பஸுக்கு என்ன காரணம் இருக்கிறது?

---

மூன்றாம்_ரெவ்யூவர் பதில்:

காரணம் இருக்கிறது, உங்களுக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். அவர்கள் முதலில் மூலங்களைப் பட்டியல் போட்டுவிட்டு, அந்தப் பட்டியலுக்குள் இருந்து வரும் மேற்கோளை மட்டும் எண்ணுகிறார்கள். ஸ்காலர் பட்டியலே போடாமல், இணையத்தில் ஆய்வுக் கட்டுரை மாதிரி தெரிவதை எல்லாம் அள்ளுகிறது. இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில். 'எத்தனை பேர் பயன்படுத்தினார்கள்' என்று கேட்டால் 64க்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று. 'மறு ஆய்வு செய்த வெளியீடுகளில் எத்தனை' என்று கேட்டால் 23உம் அந்தத் தொங்கும் ஐந்தும் சேர்த்து 28, பட்டறைகளையும் சேர்த்தால் 34. வெப் ஆஃப் சயின்ஸின் 9, உங்கள் துறையைப் பொறுத்தவரை எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

படிவத்துக்கு வருகிறேன். கணினித் துறைக்கு வெளியே இருப்பவர்கள் மதிப்பிடும்போது வரும் பழைய தலைவலிதான் இது. 1999இலேயே அமெரிக்காவின் கம்ப்யூட்டிங் ரிசர்ச் அசோசியேஷனுக்காக பேட்டர்சன், ஸ்னைடர், உல்மன் மூவரும் பதவி உயர்வுக் குழுக்களுக்கு என்று ஒரு குறிப்பு எழுதினார்கள், எங்கள் துறையில் நல்ல மாநாட்டில் வருவது ஜர்னலுக்குக் குறைந்தது அல்ல என்று. 2010இல் சென், கான்ஸ்டன் இருவரும் ஏசிஎம் வெளியீடுகளை எடுத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தார்கள்: வந்ததில் 30 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ ஏற்கும் மாநாடுகளின் கட்டுரைகளுக்கு, ஏசிஎம் ஜர்னல் கட்டுரைகளுக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ மேற்கோள் கிடைத்திருந்தது. உங்கள் வழிகாட்டி வாதாடினால் இந்த இரண்டையும் காட்டுங்கள். மோஷே வார்டி மாதிரி, லான்ஸ் ஃபோர்ட்னோ மாதிரி பெரிய கணினி அறிவியலாளர்கள் 2009இல் ஏசிஎம்மின் 'கம்யூனிகேஷன்ஸ்' இதழில் மாநாட்டு மோகத்தையே கேள்வி கேட்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அவர் அதை எடுத்து உங்கள் மேல் வீசுவார்.

'பிற' பெட்டிக்குள் போக வேண்டாம். ஆய்விதழின் பெயர் என்ற கட்டத்தில் மாநாட்டின் முழுப்பெயரும் தொகுதி எண்ணும் எழுதுங்கள். இம்பேக்ட் ஃபேக்டர் கட்டத்தில் 'பொருந்தாது, மாநாடு' என்று எழுதிவிட்டு, மாநாடுகளைத் தரம் பிரிக்கும் கோர் பட்டியலில் அதற்கு ஏ ஸ்டாரோ ஏயோ என்ன தரமோ அதையும், அந்த ஆண்டு எத்தனை வந்தது, எத்தனை ஏற்றார்கள் என்பதையும் எழுதுங்கள், அந்த எண்கள் தொகுதியின் முன்னுரையிலேயே பெரும்பாலும் இருக்கும். மேற்கோளுக்கு, எந்தத் தளம், எந்தத் தேதி என்று சேர்த்து எழுதுங்கள். தேதி இல்லாத மேற்கோள் எண்ணிக்கையை நான் மதிப்பீட்டுக் குழுவில் இருக்கும்போது படிப்பதே இல்லை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். மாநாட்டின் 64ஐயும் ஜர்னலின் 11ஐயும் கூட்டி 75 என்று எழுதாதீர்கள். ஒரே பேப்பர் இரண்டையும் சேர்த்து மேற்கோள் காட்டியிருக்கும், அது இரண்டு தடவை விழுந்திருக்கும்.

---

கடைசி_அத்தியாயம் பதில்:

கூட்டித்தான் எழுதியிருந்தேன். அழித்துவிட்டேன். சரிபார்த்ததில் 11இல் 6 பேர் இரண்டையும் மேற்கோள் காட்டியிருந்தார்கள், ஆக 69தான்.

படிவத்தை நீங்கள் சொன்ன மாதிரியே நிரப்பி அனுப்பிவிட்டேன். இம்பேக்ட் ஃபேக்டர் கட்டம் எண்ணைத் தவிர எதையும் ஏற்க மாட்டேன் என்று அடம்பிடித்தது, 0 என்று போட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் மாநாட்டின் பெயர் கட்டத்திலேயே நெருக்கி எழுதினேன். அங்கே எழுத்து வரம்பு இல்லை, நல்லவேளை.

---

கடைசி_அத்தியாயம் பதில், ஐந்து வாரம் கழித்து:

ஸ்கோப்பஸிலிருந்து பதில் வந்தது. அந்தரத்தில் நின்ற இரண்டையும் இணைத்துவிட்டார்கள். ஜர்னலுக்குப் போன இரண்டையும் மாநாட்டுக் கட்டுரைக்கு மாற்றினார்கள், ஆக மாநாட்டுக்கு 27, ஜர்னல் 8இலிருந்து 6ஆக இறங்கிவிட்டது. தலைப்பைத் தப்பாக எழுதிய அந்த ஒன்றை மட்டும் மாற்ற மறுத்துவிட்டார்கள், எழுதியவர்கள் அச்சில் என்ன போட்டார்களோ அதைத்தான் எடுக்க முடியும் என்று. அந்தப் பேப்பரை எழுதியவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். வழிகாட்டிதான் இப்போது, "ஜர்னலில் ஏன் இரண்டு குறைந்தது" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.